டிக்கெட்டில் போட்டிருந்த ஒன்றரை மணி நேரம்

பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கம் குடியிருக்கும் குணாளன், பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லாத மனிதர் என்று பெயர். உண்மையைப் பாதியில் நிறுத்திக்கொள்வார், அவ்வளவுதான்.

அவருக்கு விமானம் ஏற ஆசை. மனைவி நவமணிக்கோ ஈப்போவுக்கு அப்பால் உலகமே தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார்ந்தால் கால் மரத்து, மனம் கசந்து, குணாளனுடைய பரம்பரையையே விசாரணைக்கு எடுத்துக்கொள்வார். தனியாகப் போகலாமே என்றால், நவமணி இல்லாவிட்டால் தன் கைலி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுகூடக் குணாளனுக்குத் தெரியாது.

அப்போதுதான் சென்னையில் வாழ்க்கைப்பட்ட நவமணியின் தங்கை வள்ளியம்மா, மகளுக்குக் கல்யாணம் வைத்தார். குணாளன் டிக்கெட் எடுத்து வந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தேவாரம் ஓதுவதுபோல் வாசித்தார். பினாங்கில் காலை ஒன்பதுக்குப் புறப்பாடு. சென்னையில் பத்தரைக்கு வருகை.

"ஒன்றரை மணி நேரந்தானா?"

"டிக்கெட்ல போட்டிருக்குலா. நான் என்ன சொல்ல?"

சென்னைக் கடிகாரம் நம் பினாங்குக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று டிக்கெட்டில் இல்லை. டிக்கெட் சொல்லாததைத் தான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று குணாளன் கருதினார்.

விமானம் நாலு மணி நேரம் பறந்தது. மூன்றாவது மணியில் நவமணி பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, ஓட்டுகிறவருக்கு வழி தெரியுமா என்று விசாரித்தார். எதிர்க்காற்று என்றார் குணாளன். மேலே ஜாம் என்றார். பிறகு தூங்கிவிட்டதாகக் காட்டிக்கொண்டார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. தங்கை வீட்டுச் சுவர்க் கடிகாரம் தன் கைக்கடிகாரத்துக்குப் பின்னால் ஓடுவதை நவமணி கவனித்தார். பேட்டரி மாற்றக்கூட வக்கில்லாத வீடு என்று பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார்.

திரும்பும் நாள், வாசலில் டாக்சி நிற்கையில் நவமணி தாமே டிக்கெட்டை வாங்கி வாசித்தார். சென்னையில் பதினொன்றுக்குப் புறப்பாடு. பினாங்கில் மாலை ஐந்தரைக்கு வருகை. விரல் விட்டு எண்ணினார்.

"ஒன்றரைன்னு போட்டவன் நாலு மணி நேரம் உட்கார வச்சான். ஆறரைன்னு போட்டவன் பதினேழு மணி நேரம் உட்கார வைப்பான். நான் வரலைங்க. நீங்க போங்க."

கணக்கில் பிழை இல்லை. வள்ளியம்மாவும், அக்கா ரெண்டு மாசம் இருக்கட்டும் அத்தான் என்று பெட்டியை உள்ளே இழுத்தார். குணாளன் பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் விளக்கினார். நவமணி பொறுமையாகக் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

இப்போதுதான் தெரிந்தது என்றால் முட்டாள். அன்றே தெரியும் என்றால் ஏமாற்றுக்காரர். முட்டாளாக இருப்பதில் குணாளனுக்கு ஆட்சேபனை ஏதும் இல்லை. ஆனால் முட்டாள் சொல்லும் கணக்கை நம்பி எந்த மனைவி விமானம் ஏறுவாள்?

"டிக்கெட் எடுத்தப்பவே தெரியும், நவம்."

நவமணி டாக்சியில் ஏறினார். விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சாப்பாடு வந்தபோது குணாளன் பங்கு கேசரியையும் எடுத்துக்கொண்டார். வாயை அதற்கு மட்டுமே திறந்தார்.

நாலு மணி நேரத்தில் இறங்கிவிட்டோம் என்பது விமானியின் கணக்கு. பக்கத்து இருக்கையில் அந்த மௌனத்தோடு வந்த குணாளனுக்கு, ஆறரை என்பதையே குறைத்துப் போட்டுவிட்டார்களோ என்று தோன்றியது.