டூகல் துரையின் இங்கிலீஷும் சபியா ராத்தாவின் வீடும்

1. முதல் நாள்

சுனாமி வடிந்த கொஞ்ச நாளில் எங்கள் ஊருக்கு இரண்டாவது அலை வந்தது. இது வெள்ளைக்காரர் அலை. கல்முனைக்குடியில் தப்பி நின்ற மாடி வீடுகளெல்லாம் ஒபிஸ் ஆகின. வாசலில் ஒரு பெயர்ப்பலகை, பின்னால் ஒரு ஜெனரேட்டர், முன்னால் ஒரு வெள்ளை ஜீப். இரண்டு வரி இங்கிலீஷ் தெரிந்தவனெல்லாம் மொழிபெயர்ப்பாளன். எனக்கு நாலு வரி தெரியும் என்பதால் என்னைச் சீனியர் மொழிபெயர்ப்பாளன் ஆக்கினார்கள்.

எனக்கு வாய்த்த துரையின் பெயர் டூகல். வீடு கட்டித்தர வந்த எஞ்சினியர், ஸ்கொட்லாந்துக்காரர். கையைக் குலுக்கிவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். இங்கிலீஷ் டிப்ளோமாவில் டிஸ்டிங்ஷன் எடுத்த எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. "யெஸ் சேர்" என்றேன். இன்னொன்று சொன்னார். அதற்கும் "யெஸ் சேர்." டிரைவர் வரவில்லை, நீ ஜீப் ஓட்டுவாயா என்று கேட்டிருக்கிறார். அதுவரை சைக்கிள் மட்டும் ஓட்டிய நான் அன்று பின்னேரம் பாண்டிருப்பில் ஒரு மதிலோடு ஜீப்பைக் கொண்டுபோய்ச் சாத்தினேன். மதில்காரர் தமிழில் ஏசியது ஒவ்வொரு சொல்லும் நன்றாக விளங்கியது.

2. நிலாம் காக்காவின் நெட் கஃபே

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் பஸார் வீதியில் நிலாம் காக்கா, அதாவது நிலாம் அண்ணன், நடத்திய நெட் கஃபேக்குப் படிக்கப் போனேன். உலகத்து இங்கிலீஷ் முழுக்க அந்த ஒரு கொம்பியூட்டருக்குள் இருந்தது. கரண்ட் இருந்தால்.

எந்தத் தளங்களில் படித்தீர்கள் என்று இளைய பிள்ளைகள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். முதலாவது, ஒலிக்களஞ்சியங்கள். யாரோ சில பேராசிரியர்கள் ஒரே பந்தியை ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசிக்க வைத்துப் பதிந்திருக்கிறார்கள். ஸ்கொட்லாந்து மீன்காரர், டெக்சாஸ் டீச்சர், அவுஸ்திரேலியா ஆட்டுப்பண்ணைக்காரர், ஜமேக்கா மூதாட்டி எல்லாரும் அதே பந்தியை அவரவர் வாயால் வாசிப்பார்கள். நான் மீன்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, அந்த மனிசன் ஒரே பந்தியத்தானே திருப்பித் திருப்பி வாசிக்கான்," என்றார் நிலாம் காக்கா. "அவனுக்கே அலுத்திரிக்கும். உனக்கு இன்னும் விளங்கல்லயா?"

இரண்டாவது, கொச்சை அகராதிகள். யார் வேண்டுமானாலும் சொல்லும் பொருளும் எழுதலாம், மற்றவர்கள் வோட்டுப் போடுவார்கள். ஆக அதிக வோட்டு வாங்குவது ஆகக் கேடுகெட்ட சொல். காக்கா பின்னால் வந்து நின்று அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"நோன்பு காலத்துல இதென்ன படிப்பு?"

"ஒபிஸ் வேல காக்கா."

"நல்ல ஒபிஸ்தான்."

மூன்றாவது, இணையத்துச் சண்டைக் களங்கள். பணிசுக்கு, அதாவது பன்னுக்கு, எந்த ஊரில் என்ன பெயர் என்று இங்கிலாந்துக்காரர்கள் பக்கம் பக்கமாக ஏசிக்கொண்டிருந்தார்கள். நமக்குள்ளேதான் அக்கரைப்பற்றுப் பேச்சா கல்முனைப் பேச்சா என்று போட்டி என நினைத்திருந்தேன். அவர்கள் நம்மைவிட மோசம் என்று கண்டதும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

சில மாதத்தில் மீன்காரர் என் வாய்க்குள் குடியேறிவிட்டார். ஆமாம் என்பதற்கு நாம் 'ஓம்' என்கிற இடத்தில் டூகல் 'ஐ' என்பார், நானும் 'ஐ' என்றேன். மழை மூட்டத்துக்கு 'ட்ரீக்' என்றேன், நம்மூர் வெயிலில் அதற்கு என்ன தேவையோ. டூகலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வருகிற வெள்ளைக்காரருக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பேச வைத்துக் காட்டினார். சம்பளமும் கூடியது. மொழிபெயர்ப்பாளன் என்ற பெயரில் ஒரு கிளி வளர்த்தார் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

3. யார் பெயரில் வீடு

ஊருக்கே அக்காவான சபியா ராத்தாவின் வீடு கடற்கரையில் இருந்தது. அலை அத்திவாரத்தை மட்டும் விட்டுவைத்தது. ஒபிஸ் அவருக்குப் புது வீடு தந்தது. ஆனால் வீட்டு உறுதிப் பத்திரம் குடும்பத் தலைவர் பெயரில்தான் எழுதப்படும், தலைவர் என்றால் புருஷன். இது அவர்களின் சட்டம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும், மாப்பிள்ளை அதில் வந்து இருப்பார். ராத்தாவின் மகள் நஸ்ரினுக்கு நிக்காஹ் பேசியிருந்தார்கள். வீடு வாப்பா பெயரில் என்றதும் மாப்பிள்ளை வீட்டார் "மறுகா பாப்பம்", பிறகு பார்க்கலாம், என்று எழும்பிப் போய்விட்டார்கள்.

ராத்தா ஒபிஸுக்கு வந்து எல்லாம் சொன்னார். நான் மீன்காரர் குரலில், ராகம் தப்பாமல், டூகலுக்கு எடுத்துவிட்டேன். தன் ஊர்ப் பேச்சு என் வாயில் வருவதைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, அதை இன்னொரு தரம் சொல் என்றார். சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள்.

ராத்தா என்னைப் பார்த்தார். "நான் புள்ளட ஊடு கேக்கன். நீங்க எல்லாரும் சிரிக்கீங்க."

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

4. கலீல் காக்கா

மறுநாள் ராத்தாவின் புருஷன் கலீல் காக்கா வந்தார். தோணிக்காரர், ஒபிஸ் கதிரையில் உட்காரவே மாட்டேன் என்று நின்றார்.

"தம்பி, இவருக்கிட்ட சொல்லு. நான் அவட ஊட்டுக்கு வந்த மாப்புள. இத்தன வருஷம் அவட ஊட்டுலதான் சோறு தின்டன். அந்த ஊட்ட என்ர பேருல எழுதினா, நான் எந்த முகத்தோட அதுக்குள்ள போற?"

இந்தத் தரம் மீன்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூட இங்கிலீஷில், பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு சொல்லாக வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. டூகல் பேனையை மேசையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ரேடியோ செய்தி வாசிப்பவரைப் போல மெதுவாக, தெளிவாக, ஒரு குழந்தைக்கும் விளங்குகிற இங்கிலீஷில் சொன்னார்: "மகளின் பெயரைக் கேள். அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன். தலைமையகத்தோடு நான் பேசிக்கொள்கிறேன்."

எழுதினார். தலைமையகத்தோடு சண்டையும் பிடித்தார். நிக்காஹ்வும் நடந்தது.

ஆனால் அன்று நான் கேட்டது வேறொன்று. "சேர், உங்களுக்கு இப்படி மெதுவாகப் பேச வருமா?" என்று கேட்டேன்.

"வரும்," என்றார். "நீ கேட்கவேயில்லையே."

யுத்தம் முடிந்த கையோடு ஜீப்புகள் வடக்கே போய்விட்டன, டூகல் தன் மழை மூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். என் ஸ்கொட்லாந்து இங்கிலீஷை நம்மூரில் மீன் வாங்கக்கூடப் பாவிக்க முடியவில்லை. புதிதாக மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகிற பிள்ளைகளே, நான் சொன்ன அந்த இணையத் தளங்களெல்லாம் அருமையானவை, கட்டாயம் கேளுங்கள், ரசியுங்கள். ஆனால் முதல் நாள் 'யெஸ் சேர்' சொல்லுமுன் 'கொஞ்சம் மெதுவாகக் கதைக்க ஏலுமா' என்று ஒரு தரம் கேட்டுவிடுங்கள். நஸ்ரினின் வீட்டுக்கு இப்போதும் இடைக்கிடை போவேன். கலீல் காக்கா முன் விறாந்தையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருப்பார். "வா தம்பி," என்பார், "மகள்ட ஊடு, நல்லா இரி."