பனியை எடுக்கும் சாஃப்ட்வேர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததற்குக் காரணம், சீனி போடாத ஒரு கோப்பைத் தேநீர்.

அக்காவின் கல்யாணம் எஸ்டேட் கோயிலில் நடந்தது. முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சீனியில்லாத தேநீர் கேட்டார். தேயிலைக்கு நடுவே குடியிருந்துகொண்டு இல்லை என்றா சொல்ல முடியும்? அம்மாவே சமையல் கொட்டகைக்கு ஓடினார். கோப்பையோடு திரும்புவதற்குள் கெட்டிமேளம் கொட்டி, அட்சதை விழுந்து, எல்லாம் முடிந்துவிட்டது. பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறியதை அம்மா பார்க்கவில்லை.

“வீடியோல பாத்துக்கலாம்லா” என்றார் அப்பா. எடுத்தவர் அவர்தான், இரவல் கேமராவில். விடியற்காலைக் குளிரில் கிடந்த கேமராவை அவர் ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அதன் கண்ணாடியில் பனி படிந்திருக்கிறது. டிவியில் போட்டுப் பார்த்தால் மேளச்சத்தம் எஸ்டேட் வரிசைவீடுகளான எங்கள் லயத்தையே தூக்குகிறது. திரையிலோ வேட்டியைக் காயப்போட்டதுபோல ஒரே வெளுப்பு. வெளுப்பு கலையும்போது அக்கா தாலியோடு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மா எழுந்துபோய் அரிசி களைந்தார். அழுதிருந்தால்கூடத் தேவலை.

நான் அப்போது ஐந்தாம் ஆண்டு. பள்ளியில் வாரம் ஒருமுறை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுந்ததால், எங்கள் லயத்தின் ஒரே கணினி நிபுணன். “பனிய எடுக்குற சாஃப்ட்வேர் இருக்குப்பா” என்றேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் கார் பந்தயம் ஆடலாம் என்பது நன்றாகத் தெரியும்.

மலைக்குளிரில் துணி காயாமல் அவதிப்பட்ட அம்மா வாங்க நினைத்திருந்த துணி துவைக்கும் மெஷின் தள்ளிப்போனது. அந்தக் காசோடு அப்பாவும் நானும் ஈப்போ நகரத்துக்கு பஸ் ஏறினோம்.

கடைக்காரர் வயதான சீனர். முதலாளி என்பதற்குத் தவுக்கே என்று அப்பா கூப்பிட்டார். அவர் மலாயில் பொறுமையாக விளக்கினார்: வீடியோ நிறைய இடம் பிடிக்கும், ஆகவே ஹார்ட் டிஸ்க் பெரிதாக வேண்டும், ராம் கூடுதலாக வேண்டும், கேமராவைச் சொருக ஒரு தனிக் கார்டு வேண்டும். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். இரண்டு பெரிய மனிதர்கள் என் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

“அது ஆபீஸ் வேலைக்குப்பா. பனி எடுக்கணும்னா கிராஃபிக்ஸ் கார்டுதான் பெருசா இருக்கணும்.”

“இந்த ஜாய்ஸ்டிக் எதுக்கு?”

“பனிய இப்படி ஓரமா தள்ளுறதுக்கு.”

தவுக்கேயும் பிள்ளை பெற்றவர்போலும். சிரிக்காமல் பையில் போட்டார். சாஃப்ட்வேரில் அவர் எடுத்துக் கொடுத்தது பார்க்கவே பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, அட்டையில் இதயம் இதயமாகப் பூத்திருந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபின்தான் கேமராவைச் சொருக வழியில்லை என்பது தெரிந்தது. அந்தக் கார்டுக்காக அப்பா இன்னொரு நாள் லீவு போட்டு, மழையில் மோட்டார் சைக்கிளில் மறுபடி மலையிறங்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பனி அசையவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். மாப்பிள்ளை முகம் நீலமாகிக் காவல் தெய்வம்போலப் பயமுறுத்தியது. தினமும் கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மா, ஈரக் காலோடு என் பின்னால் வந்து நிற்பார்.

“தெரியுதா தம்பி?”

“நாளைக்குத் தெரியும்மா.”

ஒரு வாரம் இதே பதில். அதை நம்பி அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு லயத்துப் பெண்களை வேறு அழைத்துவிட்டார். சனிக்கிழமை டேப்பை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் அதே டேப்பில், கல்யாணத்துக்கு முந்தின மாதம் நடந்த பரிசம் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை அக்காவின் கழுத்தில் சங்கிலி போடுகிறார். கழுத்தும் தோளும் கையும் மட்டும் தெரிகிற மாதிரிப் பெரிதாக்கி, கெட்டிமேளச் சத்தத்தின் மேல் ஒட்டினேன். முன்னால் ஓர் இதயம் விரியும், பின்னால் ஓர் இதயம் மூடும்.

ஞாயிறன்று வரவேற்பறையில் கால் வைக்க இடமில்லை. இதயம் விரிந்தது. கைகள் உயர்ந்தன. அம்மா கன்னத்தில் கைவைத்தபடி பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

“என்னக்கா, இந்தச் சீலை...” என்று பக்கத்து வீட்டு அத்தை தொடங்கினார்.

“டீ ஆறுது பாரு, குடி” என்றார் அம்மா. பிறகு என்னிடம், “இன்னொரு தடவ போடு தம்பி.”

மூன்று தடவை போட்டேன். “எம்புள்ள பனிய எடுத்துட்டான்” என்று எல்லோரும் கேட்கச் சொன்னார் அம்மா. பாவம், எவ்வளவு வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கோலாலம்பூரில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதுதான் என் பிழைப்பு. சென்ற மாதம் அந்தப் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். இதயம் விரியும்வரை அக்கா அரக்குச் சிவப்புக் கூறைச்சேலையில் இருக்கிறாள். விரிந்ததும் கிளிப்பச்சை. மூடியதும் மறுபடி சிவப்பு. தாலி ஏறுகிற அரை நிமிடத்துக்கு மட்டும் சேலை மாற்றிய மணப்பெண் உலகத்தில் என் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். பரிசத்தன்று அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிவிட்டவரே அம்மாதான். அறையில் இருந்த மற்றவர்களோ, பத்தடி தள்ளியிருக்கும் செடியில் ஒரு கொழுந்து முற்றியிருந்தாலும் கண்டுபிடிக்கிற பெண்கள். அத்தை தொடங்கியதைக்கூட ஒருவரும் தொடரவில்லை.

நானோ அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிராஃபிக்ஸ் கார்டு வாங்கச் சொன்னது எவ்வளவு சரி என்று எண்ணிக்கொண்டே ஜாய்ஸ்டிக்கில் பந்தயக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.