முகம் தெரியாத படம்

வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் செய்த முதல் காரியம், ஒரு பூனைப் படத்தை நீக்கியது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் இரண்டு மேசை போட்ட ஆபீஸ். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கான இணைய ஃபோரம் ஒன்றை அங்கிருந்து நடத்தினோம். வாடகை அறை, சமையல், தையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், போக்குவரத்து என்று எல்லாவற்றையும் அதில் பேசுவார்கள். நான் மாடரேட்டர். உறுப்பினர்கள் எழுதுவது நேராக வெளியே போய்விடும். படம் மட்டும் நான் பார்த்து அனுமதித்த பிறகுதான் போகும்.

அந்தப் பூனை வேறொருவருடைய தளத்திலிருந்து லிங்க் கொடுத்துப் போட்டது. ஃபோரத்தைத் தொடங்கிய குமரன் அண்ணன் எனக்கு விளக்கினார்.

"அடுத்தவங்க சர்வர்ல இருந்து படத்த இழுத்தா, நம்ம ஆளுங்க பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவங்களுக்குத்தான் லோடு. அது மரியாதை இல்ல லா."

மற்ற விதிகளையும் சொன்னார். படத்தை எண்ணூறு பிக்சலுக்குச் சுருக்க வேண்டும். யார் எடுத்தது என்று போட வேண்டும். கேட்காமல் யார் முகமும் தெரியக்கூடாது, வண்டி நம்பரும் தெரியக்கூடாது. ஆறு வருடம் அதன்படியே வேலை பார்த்தேன். என் மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

பச்சைப் பை

அப்படி ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். "கிளமெண்டி பக்கம் ஆக்சிடென்ட், பெரிய ஜாம், வேற ரூட்ல போங்க" என்று ஓர் உறுப்பினர் நான்கு படங்கள் அனுப்பினார். இரண்டில் கீழே கிடந்தவர் தெரிந்தார். உடனே நீக்கினேன். மூன்றாவதில் வரிசையாக நின்ற கார்கள். நான்காவதில் சாய்ந்து கிடந்த மோட்டார் சைக்கிள், அதன் அருகே போலீஸ் போர்த்திய நீலத் துணி. நம்பர் பிளேட்டை மங்கலாக்கினேன். முகம் இல்லை. விதிப்படி தடையில்லை. அனுமதித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "தேங்க்ஸ், நான் வேற ரோடு எடுத்துட்டேன்" என்று நாலைந்து பேர் எழுதினார்கள். ஒரு நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

கால் மணி நேரத்தில் மல்லிகா அக்கா அதன் கீழே எழுதினார். சமையல், தையல் பகுதிகளில் தினமும் எழுதுகிறவர். நேரில் பார்த்ததில்லை.

"ஹேண்டில்ல மாட்டியிருக்கிற பச்சைப் பை எங்க வீட்டுப் பை மாதிரி இருக்கு. அந்த ஆளுக்கு என்ன ஆச்சு? யாராச்சும் சொல்லுங்க."

படத்தைப் பெரிதாக்கினேன். அரக்குக் கரை போட்ட பச்சைத் துணிப் பை. பழைய புடவையில் தைத்தது. இரண்டு மாதம் முன்பு மல்லிகா அக்கா தையல் பகுதியில் அதே பையின் படத்தைப் போட்டிருந்தார். அதை அனுமதித்ததும் நான்தான். "அழகா இருக்கு அக்கா" என்று கீழே எழுதியும் இருந்தேன்.

அந்தப் பதிவும் பதில்களும் சேர்ந்த திரியை எடுப்பதற்குள் யாரோ பதில் போட்டுவிட்டார்கள்.

"ஆள் ஸ்பாட்லயே போயிட்டாருன்னு சொல்றாங்க."

எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மல்லிகா அக்கா பதிவு செய்திருந்த நம்பருக்கு அழைத்தேன். சாங்கியில் ஒரு கார்கோ ஆபீஸில் வேலை செய்தார்.

"அக்கா, நான் ஃபோரத்துல இருந்து வசந்தி பேசுறேன்."

"அவரு ஃபோன எடுக்க மாட்டேங்கிறாரும்மா. ரிங் போய்ட்டே இருக்கு. எடுக்க மாட்டேங்கிறாரு."

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா அக்கா?"

ஃபோன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. போலீஸ் அவரைத் தேடி வந்தது அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. கணவர் இறந்த செய்தியை அவருக்கு முதலில் சொன்னது எங்கள் ஃபோரம்.

அழியாத பிரதிகள்

"ரூல்படிதானே பண்ணே. உன் மேல தப்பு இல்ல," என்றார் குமரன் அண்ணன். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

கணவரின் காரியம் முடிந்த மறுநாள் மல்லிகா அக்காவே அழைத்தார். கத்தவில்லை.

"முகம் தெரியலன்னுதானே போட்டீங்க?"

"ஆமாக்கா."

"பொண்டாட்டிக்கு முகம் வேணுமாம்மா?"

மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்டதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. "என் பொண்ணு பிரைமரி ஃபோர் படிக்கிறா. அந்தப் படம் அவ கண்ணுல படக்கூடாது. அதை மட்டும் பண்ணுங்க," என்றார்.

திரியை நீக்கினால் படமும் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். போகவில்லை. எங்கள் சர்வரிலேயே கோப்பு இருந்தது. லிங்க் வைத்திருந்த யாரும் திறக்கலாம். அதை அழித்தேன். வேறு மூன்று ஃபோரங்களில், ஓரத்தில் நாங்கள் எல்லாப் படத்திலும் பொறிக்கும் ஃபோரம் பெயரோடே அது கிடந்தது. ஒவ்வொருவருக்கும் எழுதினேன். இரண்டு பேர் அன்றே எடுத்தார்கள். மூன்றாமவர், "பப்ளிக் ரோட்ல எடுத்ததுதானே, என்ன தப்பு?" என்று கேட்டார். அவருக்கு எழுதிய ஐந்தாவது கடிதத்தில், இறந்தவருக்குப் பள்ளிக்குப் போகும் ஒரு பெண் இருக்கிறாள் என்று எழுதினேன். பதில் இல்லை, ஆனால் படம் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் போனதை என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

"முழுசா எடுக்க முடியலக்கா," என்று மல்லிகா அக்காவிடம் ஃபோனில் சொன்னேன்.

"தெரியும்மா," என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு விபத்துப் படம் எதையும் நாங்கள் அனுமதிப்பதில்லை. ஜாம் இருக்கிறது என்று சொல்ல ஒரு வரி எழுத்து போதும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். முகத்தை மறைத்தால் மறைவது முன்பின் தெரியாதவர்களுக்குத்தான். வீட்டு ஆளுக்குச் செருப்பு போதும், சட்டைப் பொத்தான் போதும். ஆகவே அந்த வீட்டு ஆளாக உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் போடாதீர்கள்.

ஒரு வருடம் மல்லிகா அக்கா ஃபோரம் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு மதியம் அவரிடமிருந்து ஒரு படம் வந்து காத்திருந்தது. முதலாம் ஆண்டு நினைவு. ஃபோனில் எடுத்தது, பக்கவாட்டில் திரும்பியிருந்தது, சைஸும் மிகப் பெரிது. திருப்பினேன், சுருக்கினேன். சாப்பாட்டுக் கடை மேசையில் அவர் கணவர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு சிறுமியின் பாதி முகம்.

அனுமதிக்காமல் ஃபோனை எடுத்தேன்.

"அக்கா, ஓரத்துல பாப்பா முகம் தெரியுது. வெட்டிடட்டுமா, இருக்கட்டுமா?"



"வெட்டாதீங்கம்மா. அவளப் பார்த்துத்தான் அவரு சிரிக்கிறாரு."