தையல்காரர் வீட்டுக்கு ஒரு காந்தா

சுலோசனா போட்டிருந்த முடிச்சுகளைக் கீழ் வீட்டு வங்காளிப் பெண் சாதனா கண்ணால் தேடவில்லை. துணியைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். பதினோரு இடத்தில் நிறுத்தினாள்.

"பிள்ளை இதுமேலதான் கன்னத்தை வெச்சுத் தூங்கும், மாஷிமா. குத்தும்." மாஷிமா என்றால் வங்காளியில் சித்தி.

பழைய பருத்திப் புடவைகளை மடிப்பு மடிப்பாக அடுக்கி, பொடி ஓட்டுத் தையலால் சேர்த்தால் அது காந்தா. நூலில் முடிச்சுப் போட்டுத் தொடங்கு என்று சுலோசனாவுக்குப் பள்ளித் தையல் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஐம்பத்தொன்பது வயது வரை அப்படியே செய்து வந்தாள். குழந்தைக்கான காந்தாவில் முடிச்சே கூடாது. நுனியைத் துணிகளுக்கு நடுவே ஒளித்து, ஒரே இடத்தில் இரண்டு சின்னத் தையல் போட்டு நிறுத்த வேண்டும். அன்றைக்கே அத்தனையையும் பிரித்தாள்.

காந்தா அவள் மகள் மேக்னாவின் குழந்தைக்கு. பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மேக்னா வாழ்ந்த கார்டன் ரீச், பெஹாலாவில் இருந்த இவர்கள் வீட்டிலிருந்து ஒரு ஆட்டோ, ஒரு பஸ் தூரம். இரண்டு வருஷமாக சுலோசனா அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை. மேக்னா கல்யாணம் செய்துகொண்ட இம்தியாஸின் வீட்டில் எல்லாரும் குழந்தைகளுக்கு ஃபிராக் தைக்கிற தையல்காரர்கள். அதற்காக உயிரோடு இருக்கும் மகளுக்குத் தலை முழுகினார் சுலோசனாவின் கணவர் கோவிந்தராஜன். வேறு மதம் என்பது ஒரு குற்றம், தையல் வேலை என்பது அதைவிடப் பெரிய குற்றம். அவர் போட்டிருந்த சட்டையையும் யாரோ ஒரு தையல்காரர்தான் தைத்திருந்தார். அதைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் குளிக்கப் போனார். வங்கியில் முப்பத்தைந்து வருஷம், ஆதாரம் இல்லாமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடாத மனிதர், கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர் பெற்ற பிள்ளையைக் கழுவிவிடும் என்று நம்பினார். குளித்து வந்தவருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தவள் சுலோசனா.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்ற சேதியே மேக்னாவோடு ஃபோனில் பேசிவந்த சாதனா சொல்லித்தான் தெரிந்தது. சில மத்தியானங்களில் சுலோசனா ஃபோனில் ஒன்பது எண்வரை அழுத்துவாள். பத்தாவதை அழுத்தாமல் வைத்துவிட்டு, கீழே தைக்கப் போய்விடுவாள்.

சாதனா ஒரு கடைக்குக் காந்தா தைத்துக் கொடுப்பவள். ஒரு படுக்கை விரிப்புக்கு ஆறு மாதம் குனிந்திருப்பாள். அதில் தொங்கும் அட்டையில் கடைக்காரி பெயர் இருக்கும். அந்தப் பெயரில்லாத கைகளிடம்தான் சுலோசனா கற்றாள். முழங்கை நீளத்துக்கு மேல் நூல் எடுக்கக் கூடாது, எடுத்தால் சிக்கும். இழுத்துக் கட்டினால் துணி சுருங்கும். நூல் துணியில் படுத்திருந்தால் போதும். ஒவ்வொரு தையலாக இழுக்காமல், நாலைந்தை ஊசியில் கோத்துக்கொண்டு ஒரேயடியாக இழுக்க வேண்டும். நெல்லளவு இருந்த தையல் எள்ளளவு ஆனது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சொல்ல முடியாமல் ஆனது.

பெண் குழந்தை பிறந்தது. சுலோசனா ஓரத்தைப் பிரித்தாள். குழந்தை குப்புற விழுந்தது என்று சாதனா சொன்ன நாளில் நடுப்பூவைப் பிரித்தாள். தையல்காரர் வீட்டில் கொடுக்கப் போகிறோம், திருப்பிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள் என்பாள். இரவில் பேத்தியின் முகம் யார் ஜாடை என்று யோசித்து, ஒரு முகமும் நிற்காமல் புரண்டு படுப்பாள்.

குழந்தைக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது சாதனா கத்தரியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னால இதைவிட நல்லா தைக்க முடியாது, மாஷிமா. இன்னும் எதைப் பிரிக்கப் போறீங்க?"

"அவா எல்லாம் தொழில் பண்றவா. சிரிப்பாளோன்னு…"

"நீங்க பயப்படறது அவங்களுக்கு இல்ல."

மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம், கார்டன் ரீச் போவதாகச் சொன்னாள். கோவிந்தராஜன் நிமிரவில்லை.

"திரும்பி வந்தா ஸ்நானம் பண்ணிட்டு உள்ள வா."

"பண்ணமாட்டேன்" என்றாள். மோரை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கதவைத் திறந்தவள் மேக்னா, இடுப்பில் குழந்தையோடு. உள்ளே வரச் சொன்னாள், வங்காளியில். அம்மாவிடம் அவள் அந்த மொழியில் பேசியதே இல்லை. சுலோசனா கை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பி, அம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டு அழுதது.

"அவளுக்கு உன்னைத் தெரியாதேம்மா." இது தமிழில் வந்தது.

மேக்னாவின் மாமியார் காந்தாவை வாங்கித் திருப்பினார். விரலால் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார், தன் மூத்த மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த வீட்டில் ஒருத்தருக்கும் கை இப்படி ஓடாது என்றார். இத்தனை மாதமாக சுலோசனா பயந்தும் ஏங்கியும் கிடந்த தீர்ப்பு அது. அது அவள் காதில் சரியாக விழவில்லை. அழுது ஓய்ந்து தூங்கிய குழந்தையை மேக்னா அதன்மேல் கிடத்தியிருந்தாள். பிறந்த குழந்தைக்கு வெட்டிய அளவு. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் தரையில் கிடந்தன.

சுலோசனா அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பழம் புடவை ஒண்ணு இருந்தா கொடு" என்றாள். "நீட்டித் தைக்கறேன். இங்கேயே உக்காந்து."

மேக்னா பெட்டியைத் திறந்து தேடினாள். வெகுநேரம் முதுகைக் காட்டியே நின்றாள்.

"ஒரு நாள்ல முடியாது" என்றாள் சுலோசனா.

"தெரியும்" என்றாள் மேக்னா.