சிங்கசந்திரா வரை வந்த பாட்டு

2019 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஜீவனஹள்ளியில் தூறல். கொடியில் கிடந்த ஏழு துணிகளை எடுப்பதா விடுவதா என்று குழம்பவைக்கிற மாதிரித் தூறல். உள்ளே என் மனைவி கமலாவின் செல்போனில் ஒரு பழைய பாட்டு. அவள் தங்கை மகள் ஏதோ ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் நிலையத்தின் பெயரைச் சொன்னதும் கொடிப்பக்கம் போன என் கை அப்படியே நின்றது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சின்னத் தமிழ் வானொலி நிலையம்! துளி இரைச்சல் இல்லாமல், இருபது வருடம் தாமதமாக, என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த இரைச்சலுக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. சூடேறிய தோல் உறையும் கசிந்த பேட்டரியும் கலந்த வாசனை. 1999-இல் என் டிரான்சிஸ்டரில் அந்த நிலையத்தைத் தேடினால் அதுதான் கிடைக்கும். அப்போது நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். நட்டும் போல்ட்டும் எண்ணி எண்ணி, கை சும்மா இருந்தாலும் மனசு எண்ணும்.

என் சகலை மாணிக்கம், அதாவது கமலாவின் தங்கை சரோஜாவின் புருஷன், எல்லைக்குக் கிட்டே, ஹெப்பகோடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தான். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர். எனக்கோ தளம் போட்ட வீடு, தினமும் குழாய்த் தண்ணீர். ஆனால் ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை, நேயர் விருப்பத்தில் பழைய பாட்டெல்லாம் அவன் வீட்டில்தான் தெளிவாக வரும்.

“என்னா சகல, உங்க ஏரியாவுல வெறும் கொர்ர்ருதானாமே? சும்னே டென்ஷன் ஆவாதீங்க, இங்க வந்து கேளுங்க” என்பான், காலை நீட்டிக்கொண்டு.

அவன் ரேடியோவில் போய் நான் கேட்பதா? கமலாதான் போவாள். ஒரு ஞாயிறு சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள். மாணிக்கம் எழுதிப் போட்ட கார்டை வாசித்தார்களாம்.

“ஹெப்பகோடி மாணிக்கம், சரோஜா, கமலான்னு படிச்சாங்க. எம்பேரு ரேடியோல வந்துச்சுங்க!”

என் மனைவியின் பெயர் அவன் கார்டில். மூன்று பேர் பட்டியலில் நான் நாலாவதாகக்கூட இல்லை. அன்று இட்லியில் இரண்டு குறைத்துக்கொண்டேன். “இனிமே வாராவாரம் அங்க போவ வேணாம்” என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளே சொந்தக் கார்டு எழுதினேன். என் பெயர், கமலா பெயர், மொத்தம் இரண்டே பெயர். பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது: வாசித்தால் எனக்கு எப்படித் தெரியும்? போகாதே என்ற அதே வாயால், போய்க் கேட்டுவிட்டு வா என்று சொல்ல வேண்டியதாயிற்று.

“வரலைங்க” என்று திரும்பினாள். அடுத்த வாரமும் அதே. பதினோரு வாரம், பதினோரு கார்டு. மாணிக்கம்தான் என் பெயர் வரும் நேரம் பார்த்துக் குமிழைத் திருகுகிறான் என்று முடிவு கட்டினேன்.

பன்னிரண்டாவது ஞாயிறு, அவள் போன பிறகு நானும் டிரான்சிஸ்டரோடு பஸ் ஏறினேன். காதில் வைத்தபடி, எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று ஒவ்வொரு நிறுத்தமாகச் சின்ன நோட்டில் குறித்தேன். மடிவாளா, பூஜ்யம். பொம்மனஹள்ளி, கால்வாசி.

“ஏன் சார், டிக்கெட் உங்களுக்கா, ரேடியோவுக்கா?” என்றார் கண்டக்டர்.

சிங்கசந்திராவில் முக்கால்வாசி. இறங்கி ஒரு தைலமரத்தடியில் நின்றேன். இரண்டு முப்பத்தேழுக்கு அறிவிப்பாளர் அம்மாள் நிதானமாக வாசித்தார்: ஜீவனஹள்ளியிலிருந்து என் பெயர், அடுத்து கமலா. சாலையில் போன ஒரு லாரியைக்கூட நிறுத்திச் சொல்லியிருப்பேன்.

அவளுக்கு முன்னால் வீடு வந்து காத்திருந்தேன். அந்தப் பாட்டையே முணுமுணுத்தபடி வந்தாள். பையிலிருந்து சரோஜா கொடுத்த அவரைக்காயை எடுத்து வைத்துக்கொண்டே, நான் கேட்கும் முன்பே, “வரலைங்க. அடுத்த வாரம் பாக்கலாம்” என்றாள்.

வாயைத் திறந்தேன். அந்த முணுமுணுப்பைக் கேட்டு மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை இன்னொரு கார்டு எழுதினேன். ஒரு வருடம் தாண்டி, நகரத்தில் புதிதாக வந்த எஃப்.எம். ஒன்று அந்த நிலையத்தின் அலைவரிசையருகில் உரக்கப் பேச ஆரம்பித்து, ஹெப்பகோடியிலும் கொர்ர்ரு வரும்வரை எழுதினேன்.

அதற்குப் பிறகு இன்றுதான் பேச்சு வந்தது. கமலா போனின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

“நம்ம பேரு எத்தினி வாட்டி வந்துச்சு தெரியுமா?”

“ஒண்ணு” என்று உளறிவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். “அப்ப உங்களுக்குத் தெரியுமா? ஒண்ணில்ல, ஒம்போது.”

“ஏன்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா கார்டு எழுதறத நிறுத்தியிருப்பீங்க. அப்புறம் என்னா சொல்லிட்டு சரோஜாவப் பாக்கப் போறது?”

ஒன்பதில் நான் கேட்டது ஒன்று. ஒன்பதையும் மாணிக்கம் கேட்டிருக்கிறான், காலை நீட்டிக்கொண்டு. கேட்டுவிட்டு, எதற்கெடுத்தாலும் என்னைச் சீண்டுகிற அவன், இதை மட்டும் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. கமலாவுக்காக அத்தனை வருடம் அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். இதிலும் அவன்தான் என்னைவிடப் பெரிய மனிதனாக இருந்திருக்கிறான். கேட்டுச் சண்டை போடலாமென்றால், ஆள் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. அந்த அறை இருந்த இடத்தில் நான்கு மாடி ஹாஸ்டல். பாட்டு இப்போது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கேட்கிறது. கேட்பதற்காக யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை.

பழைய நோட்டு கிடைத்தது. கார்டு அறுபத்தொன்று, பதினைந்து ரூபாய் இருபத்தைந்து பைசா. கமலா போய்வர அறுபத்தொரு ஞாயிறு பஸ், எழுநூற்று முப்பத்திரண்டு. நான் சிங்கசந்திரா போய்வந்தது பத்து. பேட்டரி இரண்டு, பதினான்கு. ஆக மொத்தம் ரூபாய் எழுநூற்று எழுபத்தொன்று, பைசா இருபத்தைந்து.