நரம்பு எடுத்த பல்

செட்டிபாளையத்தில் நல்லரத்தினத்துக்கு வலையில் ஈயம் கட்டக் குறடு தேவையில்லை, வாய் போதும். அடிக்கயிற்றில் ஈயத் துண்டைச் சுற்றி, வலது கடைவாயில் வைத்து நறுக்கென்று ஒரு கடி. வாவியில் மீன்பிடிக்கிற மற்றவர்களும் அவசரத்துக்குக் கடிப்பார்கள். பல் கூசியதும் விட்டுவிடுவார்கள். இவருக்குக் கூசாது. அந்தப் பல்லுக்கு ரூட் கெனல் செய்து நரம்பை எடுத்தாயிற்று. "செத்த பல்லுக்கு என்ன நோவு?" என்று ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தார் மனுசன்.

நரம்பை எடுத்த பல் வைத்தியர் நஸீபா அன்றைக்கே ஒன்று சொல்லியிருந்தார். பல்லுக்கு உறை போட வேண்டும், அதுவரை கடினமானதைக் கடிக்கக் கூடாது. அது இவர் காதில் ஏறவேயில்லை. இத்தனைக்கும் சோற்றை மெல்ல இவரிடம் கீழ்வரிசையில் மிஞ்சியிருந்த ஒரே கடைவாய்ப் பல் அதுதான். மற்றவையெல்லாம் வெற்றிலையோடு போய்விட்டன.

ஒருநாள் காலை மணலை மீன் துண்டொன்றை வாயில் வைத்தார். முள்கூட இல்லாத துண்டு. கடித்ததும் தாடையிலிருந்து உச்சிவரை வலி இழுத்தது. செத்துப்போனவர் எழும்பி வந்து கதவைத் தட்டியதுபோல் ஆடிப்போனார்.

"பல்லு நோகுதா?" என்று கேட்டாள் மனைவி புஸ்பம்.

"செத்த பல்லு நோகுமாகா? இது வேற என்னவோ."

வாய்ச்சவடால் விட்டவர் எப்படி ஒத்துக்கொள்வார்? பனடோல் மாத்திரை போட்டார், கராம்பை அதக்கினார். கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு பழைய குருடி. கன்னம் வீங்கியதும் கோபம் வந்தது. டொக்டர் நரம்பை முழுதாக எடுக்காமல் மிச்சம் வைத்துவிட்டார் என்று முடிவுகட்டி, சண்டை பிடிக்கவே புறப்பட்டார். புஸ்பமும் கூடப் போனாள்.

"நரம்ப எடுத்தாச்சு எண்டீங்களே டொக்டர், பிறகு எது நோகுது?"

"பல்லுக்குள்ள இருந்த நரம்பத்தான் ஐயா எடுத்த. பல்லப் பிடிச்சிரிக்கிற எலும்பும் முரசுச் சதையும் உயிரோடதானே இரிக்கி. கிருமி திரும்ப வந்திரிக்கும். அப்பிடியெண்டா திருப்பிச் சுத்தம் செய்து பல்லக் காப்பாத்தலாம்."

நல்லரத்தினத்துக்குப் போன உயிர் வந்தது. எக்ஸ்றே எடுத்து, முரசோரம் கம்பியால் தொட்டுப் பார்த்த டொக்டரின் முகம் மாறியது.

"இந்தப் பல்லால என்னத்தக் கடிச்சீங்க?"

நல்லரத்தினம் கூரையைப் பார்த்தார்.

"ஈயம்" என்றாள் புஸ்பம். "வலைக்கு."

டொக்டரின் கை அப்படியே நின்றது. "ஈயத்தையா? அது நஞ்செல்லோ. இரத்தமும் சோதிக்க வேணும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "நரம்பு இருந்திருந்தா முதல் கடியிலயே உங்கள நிப்பாட்டியிருக்கும். இப்ப பல்லு வேர்வரைக்கும் வெடிச்சிட்டு. கழட்டத்தான் வேணும்."

"இப்ப உறை போட்டா?"

டொக்டர் இல்லையென்று தலையசைத்தார். நல்லரத்தினம் யாரோடு சண்டை பிடிக்க வந்தாரோ அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒவ்வொரு கடியாக, தன் பல்லைத் தானே பிளந்திருக்கிறார். கழட்டியபோது அது இரண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது.

மறுநாள் மதியம் புஸ்பம் சோற்றைக் குழைத்து வைத்தாள். அவர் வழக்கம்போல் வலது பக்கம் ஒதுக்கி மெல்லப் பார்த்தார். மேல்பல் கீழே எதையும் தொடவில்லை. வெறும் முரசு. கவளத்தை அப்படியே விழுங்கியபோது கண் நிறைந்துவிட்டது. புஸ்பம் பார்த்தும் பாராததுபோல், அடுத்த பிடியை இன்னும் கொஞ்சம் குழைத்தாள்.