லோடு ஏற்றி எடுத்த அளவு

காடாம்புலியூரில் அக்கா வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் மாமாவின் பழைய பிக்கப் நிற்கும். பலாப்பழம் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போனால் நடுவழியில் மூன்றாவது கியர் தானாக விடுபட்டுத் தொலையும். இரண்டு முறை வண்டி ரோட்டிலேயே படுத்துக்கொண்டதில், சிதம்பரத்துக் கடைக்காரர்கள் மாமாவைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். வண்டியை விற்றுவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று மாமா ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டையே கொடுத்துவிட்டார். அவரிடம் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான், "எப்டியாவது அந்த வண்டிய ஓட வச்சிடுடா. அவுரு போயிட்டா எனக்கு வூடே புடிக்காது" என்றாள்.

நான் கடலூரில் ஏசி ரிப்பேர் செய்பவன். வண்டி வேலை போனில் வீடியோ பார்த்த அளவுக்குத்தான் தெரியும். வாய் மட்டும் ஜாஸ்தி.

"நாலு கியர கழட்டிப் போட்டுட்டு அஞ்சு கியர் பாக்ஸ் வச்சிடலாம் மாமா."

"ஒரு லோடு ஒழுங்கா சிதம்பரம் போய்ச் சேரட்டும் மச்சான். அப்புறம் எனக்கு எதுக்கு சிங்கப்பூரு?"

பழைய சாமான் கடையில் ஒரு கியர்பாக்ஸ் வாங்கினோம். பழையதைவிட அது நீளம். அதனால் அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டை பண்ருட்டி லேத் பட்டறையில் வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. அன்று சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் பட்டறையில் கொடுத்துவிடுங்கள் என்று அக்கா எங்களைப் பாடாய்ப் படுத்தினாள். ஜாக்கியில் வண்டி தொங்கிக்கொண்டிருந்தபடியே அவசர அவசரமாக அளவெடுத்துக்கொண்டு ஓடினோம்.

வெட்டி வந்த ஷாஃப்ட் கச்சிதமாகத்தான் பொருந்தியது. திங்கட்கிழமை காலை பலாப்பழத்தை ஏற்றியதும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை அமுங்கி, பின்அச்சு பின்னால் தள்ளிப்போனது. கீழே படுத்துப் பார்த்தேன். ஜாக்கியில் தொங்கும்போது எடுத்த அளவு பத்தாமல், ஷாஃப்ட்டின் முனை கியர்பாக்ஸின் நுனிப் பல்லில் தொத்திக்கொண்டிருந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் கழன்று விழுந்திருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்பேனரைத் தூக்கி வீசினேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா கொட்டகை வாசலில் நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"நாந்தான அவசரப்படுத்துனேன். பழம் வண்டியிலயே இருக்கட்டும், இப்பவே அளங்க."

"மணி எட்டு. ராகு காலம்கா."

"இருந்துட்டுப் போவுது. அளந்துகிட்டுக் கெளம்புங்க."

ராகு காலத்தில் பால் பாக்கெட் வாங்கக்கூட வெளியே வராதவள் அவள். எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டி தரையில் நிற்க, லோடோடு அளந்தோம். மறுபடி பண்ருட்டி போய், ஷாஃப்ட்டுக்குப் புதுக் குழாய் வைத்து நீளமாக்கி வெல்டிங் போட்டு, சாயங்காலம் மாட்டினோம்.

மறுநாள் விடிந்ததும் மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து கிளம்பினோம். வடலூர் தாண்டி மாமா ஐந்தாவது கியரைப் போட்டார். என்ஜின் சத்தம் அடங்கியது. அக்கா கியர் லீவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். சிதம்பரத்தில் பழத்தை இறக்கும்போது கடைக்காரர், "நாளைக்கும் கொண்டாங்க" என்றார்.

திரும்பும் வழியில் ஏஜென்ட் போன் செய்தான். மாமா வண்டியை ஓரங்கட்டி, போனை அக்காவிடம் நீட்டினார்.

"நீயே சொல்லிடு."

அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவுரு வரலைங்க. அந்த பாஸ்போர்ட்ட குடுத்துடுங்க, நாங்களே வண்டியில வந்து வாங்கிக்கிறோம்."